பன்னிரண்டாவது மாதிரி

போஸ்டரை யாரும் நின்று படிப்பதில்லை, சார். போகிற போக்கில் ஒரு பார்வை, அவ்வளவுதான். அந்தப் பார்வையில் ஆளை நிறுத்த வேண்டும். டிசைன் படிப்பின் கடைசி வருடத்தில் எனக்கு வந்த வேலையே அதுதான்: ‘காணவில்லை’ போஸ்டர்.

கற்பனையாக ஓர் ஆளை வைத்துப் பதினோரு மாதிரிகள் செய்தேன். மேடம் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, “இதுல யாருமே காணாமப் போகலையேம்மா” என்றார். உண்மைதான். எனக்கே அலுத்துப்போயிருந்தது.

வீட்டில் பெரியப்பா இருந்தார். ஞாபகம் தப்பி இரண்டு வருடம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, “இன்னும் சாப்பாடு போடலையா?” என்பார். அம்மாவும் நானும் அவரை மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். ஓய்ந்துபோயிருந்தோம், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அவரை பஸ்ஸில் அழைத்துப்போய், கடைசி நிறுத்தத்துப் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

“இங்கயே இருங்க பெரியப்பா, வந்துடறேன்.”

“சரிம்மா, மெதுவா வா.”

பன்னிரண்டாவது மாதிரி ஒரே மூச்சில் வந்தது. தாள் முழுக்க அவர் முகம். அம்மா அழுதுகொண்டே, “நம்பரப் பெருசாப் போடுடி” என்றாள். பெரிதாகப் போட்டால் முகம் எடுபடாது. அடியில், வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் வைத்தேன். அழகாக இருந்தது.

மறுநாள் விடியும்போதே அந்த நிறுத்தத்துக் கடைச் சுவரிலும் நானேதான் ஒட்டினேன். பெரியப்பா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் போஸ்டர் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

அன்று பகல் முழுக்க மழை. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை ஸ்டேஷனிலிருந்து நீங்கள்தான் வீட்டுக்கு வந்தீர்கள், அந்தக் கடைக்காரரோடு. அவர் அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். “படத்தப் பாத்ததுமே இவர்தான்னு தெரிஞ்சுபோச்சும்மா. நம்பர்தான் என் கண்ணுக்குத் தெரியல. மழையில நனையாதீங்க, உள்ள வாங்கன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். பொண்ணு இங்கயே இருக்கச் சொல்லியிருக்குன்னுட்டார். காலைல கடையத் திறக்கறப்ப உடம்பு சில்லுனு கிடந்தது.”

எந்தப் பொண்ணு என்று நீங்கள் கேட்டீர்கள். அம்மா என்னைப் பார்த்தாள். அப்போதிலிருந்து என்னோடு பேசவில்லை. அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது என்று அவரே சொன்னார். ஆக, முகத்தில் குறையில்லை. எண்ணைத்தான் சின்னதாகப் போட்டுவிட்டேன். அது என் தப்புதான், சார், ஒப்புக்கொள்கிறேன்.