மாமாவின் ஈ.சி.ஜி.

அக்கா: திரும்பச் சொல்லுங்க. கம்பெனி செக்கப்புல டாக்டர் என்ன சொன்னார்?

மாமா: எத்தனை தடவ சொல்றது... இதயத்துல மேல் அறையிலேருந்து கீழ் அறைக்கு கரண்ட் போகுமாம். எனக்கு கொஞ்சம் லேட்டா போகுதாம். அதுக்குப் பேரு பிளாக்.

அக்கா: உங்ககிட்ட எதுதான் நேரத்துக்குப் போயிருக்கு?

தம்பி: ரத்தக்குழாய் அடைப்பு இல்லக்கா, இது வேற. லேட்டானாலும் ஒண்ணு விடாம போய்ச் சேருது. மருந்தே வேணாம், அப்பப்ப ஈ.சி.ஜி. பாத்தா போதும்னார்.

அக்கா: உன்னைக் கேட்டேனா? துணைக்குப் போனவன் நோயாளி மாதிரி ஒப்பிக்கிற.

தம்பி: அது... பக்கத்துல நின்னேன்ல.

அக்கா: சரி, எப்பதான் வைத்தியம் வேணுமாம்?

தம்பி: கரண்ட் நடுநடுவுல நின்னு போனா, இல்ல ஒண்ணுமே கீழ எட்டலைன்னா. மயக்கம் வந்தா அன்னிக்கே ஓடி வரணுமாம். தேவைப்பட்டா தோள்கிட்ட பேஸ்மேக்கர் வைப்பாங்களாம்.

அக்கா: மயக்கம் வந்துச்சான்னு கேட்டாரா?

மாமா: கேட்டார். இல்லைன்னு... சொன்னோம்.

அக்கா: சொன்னோமா? ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இதயமா?

மாமா: ஃபிட்டுனு எழுதிக் குடுத்தாச்சு. திங்கக்கிழமை கிரேன்ல ஏறணும். விடேன்.

அக்கா: விடறேன். ரிப்போர்ட்ல இந்த வரிய மட்டும் படிங்க. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் தழும்புன்னு போட்டிருக்கு. சட்டையைத் தூக்குங்க.

மாமா: எதுக்கு...

அக்கா: இருபது வருஷமா பாக்குற தொப்பை. ஒரு கீறல் கிடையாது. தழும்பு இவனுக்குத்தான் இருக்கு. டேய்.

தம்பி: மாமாவுக்கு ஊசின்னா பயம்க்கா. 'என் பேரைச் சொல்லிப் போய் படுத்துக்கடா, அஞ்சு நிமிஷம்'னார்...

அக்கா: அறிவாளிங்க. அப்ப பிளாக் உனக்குடா.

தம்பி: இருந்துட்டுப் போகட்டும், லேட்டு பிளாக்தானே. மாமா நல்லாத்தான் இருக்கார். அவர் கிரேனுக்குக் கீழ நின்னு கொக்கி மாட்டுற எனக்குத் தெரியாதா?

அக்கா: நல்லா இருக்கிறவர் ஏன்டா ஆள் அனுப்பினார்? இந்த ஊசி பயந்தாங்கொள்ளி போன வாரம் பல்லுக்கு நாலு ஊசி போட்டுட்டு சிரிச்சுக்கிட்டே வந்தாரு. என் முகத்தைப் பாருங்க.

மாமா: மயக்கத்தைப் பத்திக் கேப்பாங்கன்னுதான்...

அக்கா: எத்தனை தடவ?

மாமா: ரெண்டு. கேபின்ல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு... முழிச்சப்போ கை லீவர் மேல கிடந்துச்சு.

தம்பி: எப்ப மாமா?

மாமா: போன மாசம் கொக்கியில பைப் கட்டு உன் தலைக்கு நேரா ஆடுதுன்னு கீழேருந்து என்னைத் திட்டினியே மாப்ளே... அப்ப மேல எனக்கு நினைவே இல்ல.