துடித்த ஊசியை அடக்கியவருக்கு ஒரு பாராட்டுரை

நான்கு சிலிண்டர் வண்டியின் நாதமே நம் நாட்டியம் என்று வாழும் நண்பர்கள் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே! தலை நரைத்தாலும் தலைக்கவசம் நரைக்காமல் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் மூத்த உறுப்பினர்களே! கூடத்தில் கணவன்மார் கழற்றிப் போட்ட நட்டும் போல்ட்டும் காலில் குத்தாமல் நடக்கக் கற்றுக்கொண்ட என் அன்புத் தாய்மார்களே! முதல் வரிசையில் முகமெல்லாம் மலர்ச்சியாக வீற்றிருக்கும் விழா நாயகரே, வீட்டில் என் கணவரே! உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

‘கார்புரேட்டர் கலைஞர்’ என்ற பட்டத்தையும் இந்தக் கனத்த கேடயத்தையும் இவருக்கு என் கையால் வழங்க வேண்டுமாம். தலைவர் தொலைபேசியில் சொன்னார்: “தங்கச்சி, சும்மா கொஞ்ச நேரம் பாராட்டிப் பேசுங்க. நீங்க குடுத்தா குடும்பமா இருக்கும்.” குடும்பமாகவே பேசுகிறேன், தலைவர் அவர்களே. பின்வரிசையில் கைதட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

வண்டி ஓட்டாத தாய்மார்களுக்காக ஒரு விளக்கம். நாலு சிலிண்டர் வண்டிக்கு நாலு கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டுவது அவற்றின் வேலை. நாலும் ஒரே அளவு இழுக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் வண்டி உதறும், உறுமும், நின்ற இடத்தில் அடம்பிடிக்கும். அந்த இழுப்பை அளந்து காட்டத்தான் வேக்குவம் கேஜ். வட்ட முகம், உள்ளே ஓர் ஊசி. கார்புரேட்டருக்கு ஒன்றாக ரப்பர் குழாயில் மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, நாலு ஊசியும் ஒரே இடம் காட்டும்வரை ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். என்ஜின் இழுக்க இழுக்க ஊசி துடிக்கும். அந்தத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்க ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்ன வால்வு உண்டு. தணிக்கத்தான் அது! முழுக்க அடைத்துவிட்டால் ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும். அப்புறம் உள்ளே என்ன நடந்தாலும் வெளியே தெரியாது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் வண்டி நிற்கிறது. அது என் வண்டி. நான் தேடி எடுத்தது, நான் ஓட்டுவது. இந்தச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் முதல் வரிசையில் போய்க்கொண்டிருந்தது. அதன் டேங்கைக் கழற்றி என் சோபாவின் மேல் வைத்தார் இவர். டேங்குக்குப் பதிலாகப் பெட்ரோல் புட்டியை உயரத்தில் தொங்கவிட்டது நான். மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலி நான். புட்டி தொங்கவிடுவது எனக்குக் கை வந்த வேலை. என்ஜின் சூடேறாமல் இருக்க மேசை விசிறியைத் தூக்கி வந்து எதிரே வைத்ததும் நான்தான். ஏன் இவ்வளவு ஏற்பாடு? ஏனென்றால் அன்று சங்கமே வந்திருந்தது! வீட்டிலேயே ட்யூனிங் செய்வது எப்படி என்று செய்து காட்டப் போகிறார் என் வீட்டுக்காரர்! தலைவர் அவர்களே, நீங்கள் அந்த மரப்பெட்டியின் மேல் அமர்ந்திருந்தீர்கள், நினைவிருக்கிறதா?

திருகினார், கேட்டார், திரும்பவும் திருகினார். மூன்று ஊசிகள் அடங்கின. முதல் ஊசி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. தேநீர்த் தட்டோடு நின்ற நான் கேட்டேன்.

“ஏங்க, அந்த முதல் ஊசி மட்டும் இப்படித் துடிக்குதே, என்னன்னு பாருங்களேன்.”

“எனக்குத் தெரியும். நீ எல்லாருக்கும் டீயைக் குடு.”

நான் டீயைக் கொடுத்தேன். இவர் குனிந்தார். அந்த ஊசி துள்ளி மற்ற மூன்றின் உயரத்தை எட்டிய கணத்தில், வால்வை இறுக்கி மூடிவிட்டார்; இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நிமிர்ந்தார். நாலு ஊசியும் நேராக நின்றன! ஆகா, என்ன ஆரவாரம், என்ன கைதட்டல்! “கல்லு மாதிரி நிக்குதுய்யா” என்று இந்த அரங்கில் இருக்கும் பாதிப்பேர் அன்று சொன்னீர்கள். எல்லோரும் போன பிறகு மறுபடி கேட்டேன்: “அந்த ஊசி சரியாயிடுச்சா?” இவர் சொன்னார்: “காலைல எடுத்து ஓட்டிப் பாரு. வெண்ணெய் மாதிரி போகும்.”

போனது. பேருந்து நிலையத்துக்கு அடுத்த வளைவு வரைக்கும் போனது. திரும்புவதற்காக ஆக்சிலேட்டரை விட்டேன். நான் விட்டேன், என்ஜின் விடவில்லை! வேகம் இறங்காமல் தானாகவே ஏறிக்கொண்டு போயிற்று. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்து, நான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே போய்ப் படுத்தேன்.

நீங்கள் எல்லோரும் பழத்தோடு வந்தீர்கள், நல்ல மனம். இவர் கட்டிலருகே நின்று கண் கலங்கினார்; அதில் பொய் இல்லை, நான் மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த கூட்டத்தில், இதே மேடையில், இதே மைக்கில் என்ன சொன்னார்? “கிளட்ச்சைச் சட்டுனு விட்டுட்டா. பெரிய வண்டி, அவளுக்குக் கை பத்தல.” உடனே தலைவர் என்ன தீர்ப்புச் சொன்னார்? “தங்கச்சி இனிமே முன் வரிசை வேணாம். வீட்டுக்காரருக்குப் பின்னாடி உக்காந்து வரட்டும், அதான் பாக்கவும் நல்லா இருக்கும்.” யாருக்கு நன்றாக இருக்கும்? யார் பார்க்க? விழுந்தவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா? வளைவில் என்னம்மா நடந்தது என்று ஒருவராவது, ஒரே ஒருவராவது கேட்டீர்களா?

அங்கே என் நாத்தனார் கண்ணைக் காட்டுகிறார், இறங்கி வா என்று. அண்ணி வருகிறேன் கண்ணு, முடித்துவிட்டு வருகிறேன்.

வீடு திரும்பினேன்; கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற கையால் அதே கேஜ்களை மாட்டினேன். நாலு வால்வையும் திறந்துவிட்டு என்ஜினை ஓடவிட்டேன். முதல் ஊசி பாவம், பிடித்து வைத்திருந்த ஆளிடமிருந்து தப்பியதுபோல் துடித்தது. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியை எடுத்து, கார்புரேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பரின் மேல் தெளித்தேன். என்ஜினின் குரலே மாறியது! ரப்பரில் வெடிப்பு. வேண்டாத காற்று அந்த வழியாக நுழைகிறது. அதனால்தான் நான் கையை எடுத்தும் வேகம் இறங்கவில்லை. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு ஷெட் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான். இத்தனை பேர் வந்து நிக்கிறப்ப ஊசி ஆடினா என் மானம் என்னாகிறது? அவங்க போனதும் பாத்துக்கலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்.”

“என்னை ஓட்டிப் பாருன்னு சொன்னீங்களே, அப்பவுமா ஞாபகம் வரல?”

எழுந்து வந்து என்ஜினை அணைத்தார். “வெளியில சொல்லிடாதம்மா. நேரம் பாத்து நானே சொல்லிடறேன்” என்றார். நம்பினேன். நேரம் பார்த்தார், பார்த்தார், பட்டமளிப்பு விழா மேடை வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்துவிட்டார்!

புது ரப்பரை நானே போட்டேன். நாலையும் நானே சமப்படுத்தினேன். அந்த வண்டியைத்தான் சற்றுமுன் வெளியே மைதானத்தில் வைத்து இவர் ஓடவிட்டுக் காட்டினார். ஊசிகள் சிலைபோல் நின்றன, நீங்கள் விசிலடித்தீர்கள். நான் அருகே போய்ப் பார்த்தேன். நாலு வால்வும் அடைபட்டிருந்தன! நன்றாக ஓடுகிற வண்டிக்குக்கூட லேசாக நடுங்க அனுமதி இல்லை! அன்பர்களே, நான் வேலை செய்யும் இடத்தில் கட்டிலுக்குக் கட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் திரை உண்டு. அதில் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கோடு அசையாமல் நேராக ஓடினால் நாங்கள் கைதட்டுவதில்லை, ஓடுகிறோம். நீங்கள் எதற்குக் கைதட்டினீர்கள்? எதைப் பார்த்துப் பட்டம் கொடுக்கிறீர்கள்? துடிக்கிறதைக் கேட்பதா கலை, துடிக்கிறதன் கழுத்தை நெரிப்பதா கலை?

என்னங்க, ஏன் எழுந்துவிட்டீர்கள்? “வீட்டுல பேசிக்கலாம், வா” என்கிறீர்களா? வீட்டில் பேசிப் பேசி வாய் வலித்துவிட்டது. என் கை மேல் பழி போட்டது வீட்டிலா? இங்கே, இவர்கள் முன்னால். அதை இங்கேயே எடுங்கள். “அவ கை மேல தப்பில்ல” என்று இந்த மைக்கில் ஒரு முறை சொல்லுங்கள். இந்தக் கேடயத்தை நானே உங்கள் கையில் கொடுத்து, எல்லோருக்கும் முன்னால் நானே கைதட்டுகிறேன். கோபமிருக்கிறது, மனம் எரிகிறது, ஆனாலும் தட்டுவேன். வாருங்கள், படி இந்தப் பக்கம் இருக்கிறது.

காத்திருக்கிறேன்.

தலைவரே, நீங்கள் ஏன் அவரைப் பார்க்கிறீர்கள்? அவர் ஏன் உங்களைப் பார்க்கிறார்? சரி, உட்கார்ந்துவிட்டார். தாய்மார்களே, பார்த்தீர்கள் அல்லவா, உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வருகிறது, வரட்டும்; குரல் உடைந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

கேடயம் இந்த மேசையில் இருக்கும். எடுத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை என் வண்டி முதல் வரிசையில் நிற்கும். எந்தத் தீர்மானம் போட்டாலும் நிற்கும். பின் இருக்கையில் உட்கார்ந்து வர என் கணவருக்கு என்றைக்கும் இடமுண்டு. ஆனால் என் வண்டியின் மேல் இனி அவர் கை படாது.

கசப்பென்றும் பாராமல் கடைசிவரை காது கொடுத்த பெரியோருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.