யூனிஃபார்ம் துவைச்ச தண்ணி

அட, உக்காருங்க சார், வந்ததும் எந்திரிச்சா எப்படி? ஆப்பிள் எல்லாம் வாங்கிட்டு வந்திருக்கீங்க. உடம்பு இப்ப தேவலாம். கைதான் நடுங்குது, டம்ளரை ரெண்டு கையாலயும் புடிச்சாதான் நிக்கும். டீ சிந்தாம குடுத்துட்டேன்ல, அதுவே பெருசு.

கம்பெனியில விபத்தே நடக்கலைங்கிறீங்க. நான் இல்லைன்னா சொன்னேன்? பூச்சி மருந்து அடைக்கிற இடத்துல நீங்க பாதுகாப்பு ஆபீசரா வந்தப்புறம் எப்படி மாறிடுச்சுன்னு எங்க வீட்டுக்காரரு பெருமையாச் சொல்வாரு. முகமூடி, கையுறை, சுவரு முழுக்க மண்டையோட்டுப் படம். கை கழுவாம யாரையும் சாப்பிட விடமாட்டீங்களாம். தங்கமான மனுசன் சார் நீங்க.

அந்த யூனிஃபார்ம் மட்டும் வீட்டுக்கு வந்துடும். அதுல மண்டையோடு போடலையே, எனக்கு எப்படித் தெரியும்? முழங்கை வரைக்கும் விட்டு அலசுவேன். சின்னவளோட பாவாடையும் அதே வாளியிலதான்.

அப்படி அலசிக்கிட்டே நான் மயங்கி விழுந்தப்ப வாயில நுரையாம். ஆஸ்பத்திரில டாக்டரு கதவைச் சாத்திட்டு மெதுவாக் கேக்குறாரு, ஏம்மா மருந்தைக் குடிச்ச, புருசன் அடிப்பானான்னு. துணி துவைச்சேன் சார்ங்கிறேன், அவரு சிரிக்கிறாரு. எங்க வீட்டுக்காரரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி நாள் பூரா உக்கார வச்சுட்டாங்க. எங்கண்ணன் இன்னும் இவருகிட்ட முகம் குடுத்துப் பேசல.

என்ன, தனியா ஊறப்போடணுமா? நானும் கையுறை போட்டுக்கணுமா? சரிங்க சார், நல்ல யோசனை. கம்பெனியிலயே துவைச்சுட்டா என்னன்னு ஒரு சந்தேகம். ஓ, மேலிடத்துல பேசணும். பேசுங்க, பேசுங்க, பொறுமையாவே பேசுங்க.

இருங்க, பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல நின்னு தலையாட்டுறாங்க. ஆங், முடிஞ்சுதாம். இனி நீங்க தாராளமாக் கிளம்பலாம் சார். ஒண்ணுமில்ல, தெருவுல இருக்கிற எல்லா வீட்டு யூனிஃபார்மையும் பைல போட்டு இறுக்கிக் கட்டி உங்க கார் பின்சீட்ல ஏத்திட்டோம். அதுக்குத்தான் உங்களை இவ்வளவு நேரம் பேச்சுல புடிச்சு வச்சேன். டிரைவரைத் திட்டாதீங்க, அவரு தங்கச்சி புருசனுக்கும் அங்கதான் வேலை. கம்பெனியில துவைச்சு வந்ததும் ஆம்பளைங்க ஷிஃப்டுக்கு வந்துருவாங்க.

ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டே போங்க சார். நெடி ஆகாது.