நாற்பத்தேழாம் பக்கம்

இன்சுலின் புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊசியில் ஏற்றக் கூடாது. குளிர்ச்சியாகப் போட்டால் எரியும். பத்து நிமிடம் உள்ளங்கையில் வைத்திருக்க வேண்டும். காலை ஆறே முக்காலுக்கு நான் புட்டியை எடுப்பேன். அதைக் கையில் மூடிக்கொண்டு சமையலறை ஜன்னலருகே நிற்பேன். ஏழு மணிக்கு அவளுக்குப் போடுவேன். ஏழரைக்குச் சாப்பாடு கொடுப்பேன். கல்யாணமான நான்கு வருடத்தில் ஊசி ஒரு நாளும் தவறியதில்லை. அவள் போய் எட்டு மாதமாகிறது. இப்போதும் ஆறே முக்காலுக்குப் புட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே நிற்கிறேன். ஏழு மணிக்குத் திரும்ப உள்ளே வைத்துவிடுகிறேன்.

காலையிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். அதனால்தான் இதைச் சொன்னேன்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்கிறேன். வேலை போக மீதி நேரத்தில் பழைய புகைப்படங்களைச் சேகரிக்கிறேன். எல்லாப் படங்களையும் அல்ல. புத்தகம் இருக்கும் படங்களை மட்டும். வீட்டைக் காலி செய்கிறவர்கள் தாத்தாவின் ஆல்பத்தைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடுவார்கள். எங்கள் தெரு முனையில் பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர் அவற்றை எனக்காக எடுத்து வைப்பார். "சார், உங்களுக்குன்னே ஒரு சாவு விழுந்திருக்கு, சீக்கிரம் வாங்க" என்று போனில் சொல்வார். எனக்குச் சிரிப்பு வரும். என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் சேர்ந்தன.

அவற்றில் முக்கால்வாசி பொய். பழைய ஸ்டுடியோக்களில் நாற்காலி, பூச்சாடி, திரைச்சீலையோடு ஒரு புத்தகமும் இருக்கும். படம் எடுக்க வருகிறவர் கையில் அதைக் கொடுப்பார்கள். ஒரே ஸ்டுடியோவில் எடுத்த பதினான்கு படங்களில் ஒரே புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். முதுகுப் பக்கம் மேல் மூலையில் கிழிந்த தடித்த புத்தகம். இருபது வருட காலத்தில் மணப்பெண், வக்கீல், பல்லில்லாத கிழவர், இரட்டைக் குழந்தைகள் என்று எல்லாரும் அதைப் பிடித்திருந்தார்கள். ஒருவர்கூடப் படிக்கவில்லை. ஒரு பெண்மணி தலைகீழாகவே பிடித்திருந்தார்.

உண்மையாகப் படிக்கிறவர்களும் சில படங்களில் உண்டு. அவர்களுக்குத் தெரியாமல் யாரோ எடுத்தவை. ஆனால் அந்தக் காலத்துக் கேமராவுக்கு வெளிச்சம் நிறைய நேரம் வேண்டும். படிக்கிறவர் ஒரு நிலையில் இருக்க மாட்டார். பக்கம் புரட்டுவார், மூக்கைச் சொறிவார், உதட்டை அசைப்பார். அதனால் முகம் கலங்கியிருக்கும். என் சேகரிப்பின் விதி இதுதான்: தெளிவாக இருப்பவர் படிக்கவில்லை, படிப்பவர் தெளிவாக இல்லை. இரண்டும் சேர்ந்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அது எனக்குக் குறையாகவே இருந்தது.

இப்போதைய கேமராவில் யாரையும் நொடிக்குள் பிடித்து நிறுத்திவிடலாம். அது ஏமாற்று. பேப்பர் கடைக்காரர் மூலமாகவே ஒரு மரக் கேமரா கிடைத்தது. முக்காலியில் நிறுத்தி, கண்ணாடித் தகட்டைச் செருகி, லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து எட்டு எண்ணி மூட வேண்டும். நான் அவளைப் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். படிப்பது முழுக்கத் துப்பறியும் கதைகள். அறுபதாம் பக்கத்துக்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததும் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் அவன் பெயரை எழுதி வைப்பாள். அவை நூலகப் புத்தகங்கள்.

"ஏண்டி, அடுத்து படிக்கறவங்க உன்ன சபிக்க மாட்டாங்களா?" என்று அவளுடைய அக்கா கேட்பார்.

"அவங்களுக்கு நேரம் மிச்சம்க்கா" என்பாள்.

அவளைப் போலப் படிப்பவரைப் படம் எடுக்கவே முடியாது. காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். "இவன்தான், இந்த டாக்டர்தான், மூஞ்சியே சரியில்ல" என்று புத்தகத்தோடு பேசுவாள். திடீரென்று சிரிப்பாள். நிமிடத்துக்கு ஒரு பக்கம் புரட்டுவாள். எட்டு எண்ணுவதற்குள் ஏழு விதமாக இருப்பாள். பதினொரு தகடுகள் வீணாயின. எல்லாவற்றிலும் ஒரு சேலையும் அதற்கு மேல் புகை போல ஒரு தலையும்தான்.

"பொம்மை மாதிரி உக்காரட்டுமா? பத்து நிமிஷம் வேணும்னாலும் உக்காருறேன்" என்றாள்.

"அது படிக்கிற மாதிரி நடிக்கிறது. வேணாம்" என்றேன்.

"உங்களுக்குப் படிக்கிற ஆளு வேணும். அந்த ஆளு உயிரோட இருக்கறதுதான் உங்களுக்குத் தொந்தரவு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்ட பிறகு கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் இல்லை. நான் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வர முக்கால் மணி நேரமாயிற்று. திரும்பி வந்தபோது அவள் முன்னறை ஜன்னலருகே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கால் ஆடவில்லை. உதடு அசையவில்லை. கண் பக்கத்தைவிட்டு நகரவில்லை. காலை வெயில் கன்னத்தில் விழுந்திருந்தது. நான் கதவருகே நின்றுவிட்டேன். நானூறு படங்களில் தேடியது என் வீட்டு முன்னறையில் இருந்தது.

பிறகுதான் அவள் மேலுதட்டில் வியர்வையைப் பார்த்தேன். ஊசி போட்டுச் சாப்பிடாததால் அவளுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. பதினொரு வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கைப்பையில் எப்போதும் ஒரு தகர டப்பாவில் மிட்டாய் வைத்திருப்பாள். இரண்டு மிட்டாயை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தாள். "எங்கயோ போயிட்டு வந்த மாதிரி இருக்குங்க" என்றாள்.

"என்ன படிச்சே?" என்றேன்.

"தெரியல" என்றாள்.

அந்தப் பதிலை நான் அப்போது சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். எவ்வளவு நேரத்தில் அந்த அமைதி வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தில் பார்த்துக்கொண்டேன். பிறகு மிட்டாய் கொடுத்தேன். தெளிந்தாள். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. இதை நான் சொல்வதற்குக் காரணம், நான் யோசிக்காமல் செய்யவில்லை என்பதுதான்.

மூன்றாவது முறை பள்ளி விடுமுறை நாள். முதல் நாள் அவளுக்குக் காய்ச்சல். இரவு சரியாகச் சாப்பிடவில்லை. அது எனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு வழக்கமான அளவு ஊசி போட்டேன். சிலிண்டரின் திருகை அதற்கு முன்பே மூடி வைத்திருந்தேன். "அடுப்பு பத்த மாட்டேங்குது, பாக்கறேன், கொஞ்சம் பொறு" என்றேன். "மெதுவா பாருங்க, பசியே இல்ல, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னலருகே போய் உட்கார்ந்தாள். நான்கு நாளில் நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய புத்தகம் கையில் இருந்தது. கைப்பையிலிருந்த தகர டப்பாவை நான் முந்தின நாளே எடுத்துத் துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். அவளுக்கு எட்டாத உயரம்.

முக்காலி வழக்கமாக முன்னறையிலேயே நிற்கும் என்பதால் அவள் கவனிக்கவில்லை. அவளுடைய இடது தோளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் நிறுத்தியிருந்தேன். முகமும் தெரியும், திறந்த பக்கமும் தெரியும். மூன்று தகடுகள் தயாராக இருந்தன.

எட்டரை மணி வரை காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு நிறுத்தினாள். கைப்பையை இழுத்துத் துழாவினாள், பிறகு என்ன தேடினோம் என்பது மறந்தது போல விட்டுவிட்டாள். புத்தகத்துக்குத் திரும்பினாள். முதல் தகடு ஒன்பது இருபது. இரண்டாவது ஒன்பது முப்பத்திரண்டு. இரண்டாவதற்கு மூடியை எடுத்து ஐந்து எண்ணியபோது அவள் பேசினாள். தலையைத் திருப்பவில்லை, பேசினாள். அந்தத் தகடு வீணாகிவிட்டது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால்தான் மூன்றாவது தேவைப்பட்டது. அவள் முழுக்க அமைதியாகும்வரை காத்திருந்து ஒன்பது நாற்பத்தைந்துக்கு எடுத்தேன். எட்டு எண்ணி மூடினேன். ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

தகடுகளை வெளிச்சம் படாமல் பெட்டிக்குள் வைத்து, கேமராவைக் கழற்றி, முக்காலியை மடித்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தேன். அது உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்தது. அப்போதுதான் வலிப்பு வந்தது. பத்து பத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வழியிலேயே முடிந்துவிட்டது.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எட்டு எண்ணும்வரை அசையாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

அடுப்பு மெக்கானிக்கைத் தேடி ஒன்பது மணிக்கு வெளியே போனேன், பத்து மணிக்கு வந்து பார்த்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பல வருட நோய் என்பதால் டாக்டர் துருவிக் கேட்கவில்லை. அவளுடைய அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கிளம்பறப்ப அவ கடைசியா என்ன சொன்னா தம்பி?" என்று கேட்டார். "இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வந்துடறேன்னு சொன்னா" என்றேன். எப்படித் தோன்றியதோ தெரியாது. கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். அக்கா அதைப் படத்திறப்பு அட்டையில் அச்சடித்தார். எட்டு மாதத்தில் எனக்கே அது அவள் குரலில் கேட்கத் தொடங்கிவிட்டது.

அக்கா ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறார். முப்பது வருடமாக அதே வேலை. போன வெள்ளிக்கிழமை தங்கையின் சேலைகளை எடுத்துப் போக வந்தார். "சுவத்துல மாட்ட நல்ல படமா ஒண்ணு குடுங்க தம்பி. கல்யாணப் படத்துல அவ பயந்து போயி முழிக்கறா" என்றார். நான் ஆல்பத்தைக் கொண்டுவந்து, அந்த மூன்று படங்களும் இருந்த கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஏன் காட்டினேன் என்று நேற்றும் கேட்டீர்கள். அவ்வளவு நன்றாக வந்த ஒன்றை யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பது கஷ்டம். அவ்வளவுதான்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "உசுரோட இருக்கற மாதிரியே இருக்கா" என்றார். பிறகு தன் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். பழக்க தோஷம். எழுத்து இருக்கும் எதையும் அவர் அதில்தான் பார்ப்பார்.

"நாப்பத்தேழாம் பக்கம்" என்றார். அடுத்ததைப் பார்த்தார். "இதுலயும் நாப்பத்தேழு." மூன்றாவதைப் பார்த்தார். மூன்று படங்களையும் ஆல்பத்திலிருந்து உருவித் திருப்பினார்.

என் சேகரிப்பில் ஒவ்வொரு படத்தின் பின்புறமும் தேதி, நேரம், எண்ணிய எண்ணிக்கை மூன்றையும் பென்சிலால் எழுதுவேன். பின்பக்கம் காலியாக உள்ள படங்களோடு வருடக்கணக்கில் போராடியவன் நான். யார், எப்போது என்று தெரியாத படம் அநாதை. அந்த மூன்று படங்களின் பின்னாலும் சரியான நேரத்தைத்தான் எழுதியிருந்தேன். வேறு நேரம் எழுத எனக்குக் கை வரவில்லை.

"மூணுலயும் அவ போன தேதி" என்றார் அக்கா. "ஒம்போது இருவது. ஒம்போது நாப்பத்தஞ்சு. நீங்க மெக்கானிக்கத் தேடிப் போயிருந்தீங்களே தம்பி."

நான் காலியான ஆல்பப் பக்கத்தை மூடினேன்.

"ஒரு பக்கத்துல இருவத்தஞ்சு நிமிஷமா இருக்கா. அவ ஒரு பக்கத்துல ரெண்டு நிமிஷம் உக்காந்து நான் பாத்ததில்ல. அவ படிக்கல."

"படிச்சிட்டுதான் இருந்தா அக்கா" என்றேன். "கண்ணப் பாருங்க."

என் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அன்று என் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான்.

அக்கா கண்ணைப் பார்க்கவில்லை. நடுவிலிருந்த படத்தை, நான் வீண் என்று நினைத்ததை, கண்ணாடிக்கடியில் வைத்துக்கொண்டே இருந்தார். அதில் புத்தகம் தெளிவாக இருக்கிறது. கை தெளிவாக இருக்கிறது. ஜன்னல் கம்பியின் துருகூடத் தெரிகிறது. வாய் மட்டும் கலங்கியிருக்கிறது.

"இதுல வாய் அசைஞ்சிருக்கு" என்றார். "உங்ககிட்ட என்னமோ சொல்லியிருக்கா. என்ன சொன்னா?"

நான் முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவர் மூன்று படங்களையும் சேலைகளுக்கு நடுவே வைத்து எடுத்துக்கொண்டு, நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்.

நீங்கள் எழுதித் தரச் சொன்னவற்றில் இன்னும் ஒன்றுதான் மிச்சம். மூன்று நாளாக அதைத் தள்ளிப் போட்டேன். அதை எழுதிவிட்டால் அந்த மூன்றாவது படம் படிப்பவரின் படமாக என் சேகரிப்பில் இருக்க முடியாது. நானூற்றுப் பன்னிரண்டு என்பது அப்படியே நிற்கும்.

நான் அவளிடமிருந்து ஒரு கை தூரத்தில், லென்ஸ் மூடியைப் பிடித்துக்கொண்டு, ஐந்து எண்ணியிருந்தேன். அவள் நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஏங்க, எழுத்தே தெரியல எனக்கு. எங்க இருக்கீங்க?"