ஒம்பது மணி மெசேஜ்

— ஏனுங்க அம்மணி, எம்பட ஊட்டுக்காரருக்குத் தெனமும் ஒம்பது மணிக்கு ‘சாப்டாச்சா?’ன்னு மெசேஜ் அனுப்பறது நீங்கதானுங்களா?

— நீங்க யாரும்மா?

— பங்காரம்மாளுங்க. சிங்காநல்லூர்ல லேத்துப் பட்டறை வெச்சிருக்கற மயில்சாமி சம்சாரம். கதவுல ‘லோகப்பிரியா, ஆலோசகர்’னு போட்டிருக்குது. எச்ஐவிக்கு மாத்திரை குடுக்கற எடந்தானுங்களே இது?

— ஆமாங்கம்மா. ஆனா யாருக்கு என்ன அனுப்பறோம்னு இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதுங்க. சம்சாரமே வந்து கேட்டாலும்.

— சொல்ல வேண்டாமுங்க. நிறுத்தாம அனுப்புனாப் போதும்.

— நான் சண்டைக்கு வந்தீங்களோன்னு பயந்துட்டேன்.

— எனக்கென்னுங்க சண்டை? யாரு மெசேஜுன்னு கேட்டதுக்கு, ‘பீளமேட்டுல ஒருத்தி பழக்கம்’னு மூஞ்சிக்கு நேரா சொன்னாருங்க. சீக்கைச் சொல்லத்தான் வெக்கம். வெப்பாட்டின்னு சொல்ல வெக்கமே இல்லீங்க!

— ஐயோ, நானா அது?

— நானும் நம்புன மாதிரியே இருந்துக்கிட்டனுங்க. சந்தேகம் வரக் கூடாதுன்னு ரெண்டு நாள் சோறாக்காமப் படுத்துக்கூடப் பாத்தேன். மெசேஜ் வந்ததும் மோட்டார் ரூமுக்குள்ள போவாரு, மாத்திரையப் போடுவாரு, ‘ஆச்சு’ன்னு பதில் அடிப்பாரு. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

— அப்பறம் என்னாச்சு?

— போன வாரம் எங்கண்ணன் வந்தவரு செல்லைப் பாத்துப்போட்டாருங்க. தங்கச்சி பொழப்புப் போச்சேன்னு குதிச்சு, கற்பூரத்தை அணைக்க வெச்சு சத்தியம் வாங்கி, உங்க நம்பரையும் பிளாக் பண்ணிப்போட்டாரு. சொந்தபந்தம் பூராம் எம்பக்கம் நாயம் பேசுது. இவரு எட்டு நாளா மாத்திரையத் தொடலீங்க.

— எட்டு நாளாவா? விட்டு விட்டுப் போட்டா மருந்தே கேக்காமப் போயிரும்மா!

— தெரியுமுங்க. அதான் பஸ் ஏறி ஓடியாந்தேன். வேற நம்பர்லருந்து அனுப்பி, எப்படியாச்சும் அவரைத் திருப்பி மயக்கிப்போடுங்க அம்மணி.

— ஏம்மா, ‘எனக்கு எல்லாந் தெரியும், மாத்திரையப் போடுங்க’ன்னு நீங்களே சொல்லிட்டா முடிஞ்சுதே?

— எப்படித் தெரியும்னு கேப்பாருங்களே.

— சரி, எப்படித்தான் தெரிஞ்சுது?

— அதே ‘சாப்டாச்சா?’ எனக்கும் நாலு வருசமா வருதுங்களே, பொள்ளாச்சி ஆஸ்பத்திரியிலருந்து. அனுப்பறது எங்க அண்ணின்னு அவருகிட்ட சொல்லி வெச்சிருக்கேனுங்க.