மடித்த கைக்குக் கிடைத்த கைதட்டல்

எனக்கு வடிவாக எழுத வராது, ஞாபகமும் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பின்னேரம் நோர்பரியில் பஸ் ஏறினேன். முன் சீற்றில் இரண்டு ஆண்கள். ஒருவரின் காற்சட்டை முழுக்கப் புல்லுக் கறை.

“கையை மடிச்சு எறிஞ்சதுக்கு இண்டைக்குக் கைதட்டினவங்கள், அண்ணை!” என்றார் அவர்.

மற்றவர் நரைத்த மீசைக்காரர். “நான் அம்பயரா நிண்டு, கையை நீட்டி நோ-போல் குடுத்தனே, அதே எறியோ?”

“ஓம், அதேதான். உங்களாலதான் கிரிக்கெட் ரீமில இருந்து நிப்பாட்டினவங்கள். பிறகு ஒருத்தரும் கூப்பிடேல்லை. பேஸ்போல்காரர் எறியிற ஆளைத்தான் தேடினவங்கள், அந்த விளையாட்டில கையை மடிச்சு எறியலாம்.”

“நாப்பது வயசில உன்னை வைச்சு என்ன செய்யப் போறாங்கள்?”

“அவங்களுக்கும் அந்த யோசினைதான். இண்டைக்கு ஒருக்கா பாப்பம், சரிவராட்டில் விட்டிடுவம் எண்டவங்கள். கடைசி மூண்டு பேரின்ர மட்டையிலயும் பந்தைப் பட விடேல்லை. வெண்டிட்டம்! இனி ஒவ்வொரு மச்சும் நான்தான் முதல் பந்தை எறிஞ்சு தொடங்கிறது.”

மீசைக்காரர் அவரின் தோளில் தட்டினார். “அடுத்த ஞாயிறு நானும் பாக்க வாறன்.”

“வாங்கோ அண்ணை. பழக்கத்தில கையை மட்டும் நீட்டிப் போடாதேங்கோ!”

இருவரும் சிரித்தபடி ஸ்ட்ரெதமில் இறங்கினார்கள். பந்தைப் பட விடாதது மூன்று பேருக்கு என்றுதான் அவர் சொன்னதாக நினைக்கிறேன். அந்த விளையாட்டுத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, பிழையென்றால் திருத்திவிடுங்கள்.