இறங்காத பெண்

வேலை முடிந்து பட்டர்வொர்த்தில், தீவுக்குப் போகும் ஃபெரிப் படகில் ஏறினேன். எதிர்ப் பலகையில் தொழிற்சாலைச் சீருடையோடு இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் விளையாட்டுக் காலணிகள்.

"நான் எறங்கலக்கா. இதே ஃபெரியில திரும்பிப் போயிடறேன்," என்றாள்.

"டீச்சருக்குக் காய்ச்சல்லா. இன்னைக்கு ஏரோபிக்ஸ் கிளாஸ நீதான் நடத்தணும்னு சொல்லிட்டாங்க. ஹால்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"போன வாரம் டீச்சர் என்னை முன்னால நிக்க வச்சாங்களே, எடது வலது மாறிப் போச்சு. மானம் போச்சு."

"நீ தப்பாத் திரும்புன. நாங்களும் உன்கூடவே தப்பாத் திரும்புனோம். யாராச்சும் சிரிச்சோமா?"

ஃபெரி துறையில் இடித்து நின்றது. கூட்டம் இறங்கியது. அவள் எழவில்லை. நான் எழுந்தவள் இறங்காமல் அப்படியே நின்றேன்.

"சரி, நடத்தாத. கிளாஸ் இல்லன்னு மட்டும் வந்து சொல்லிடு."

"அத்தன பேர் முன்னால எப்படிக்கா நின்னு சொல்றது?"

"நிக்கத்தானே போற? அப்படியே ரெண்டு கையையும் தூக்கிடு, நாங்களும் தூக்கிடறோம்."

ஃபெரி ஊழியர் எங்களை இறங்கச் சொல்லிக் கத்தினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, மடியில் இருந்த காலணிகளை மாட்டத் தொடங்கினாள்.